கடவுச்சொல்லை அடித்த பிறகு கணினிக்குள் என்ன நடக்கிறது?

திருகோணமலையில் ஒரு கணினிக்கு ஒரே ஆள் என்ற நிலை இன்னும் எல்லா இடத்திலும் வரவில்லை. மத்திய வீதிப் பக்கம் ஒரு கொமினிகேஷன் கடையைப் பாருங்கள். காலையில் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப வந்த பிள்ளை உட்கார்ந்த அதே கணினியில், மத்தியானம் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்ப ஒரு அம்மா வந்து நிற்பார். அரச அலுவலகங்களில் ஒரு மேசைக் கணினியை இரண்டு மூன்று உத்தியோகத்தர்கள் மாறி மாறிப் பாவிக்கிறார்கள். வீட்டில் ஒரு லப்டொப் இருக்கும். அது அக்காவின் அசைன்மென்டுக்கும் தம்பியின் விளையாட்டுக்கும் அப்பாவின் வங்கிக் கணக்குக்கும் பொது.

இந்த இடங்களில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: "எல்லாத்தையும் மூடிட்டன், லொக் அவுட் ஆகியிருக்கும்." "ஸ்கிரீன் கறுப்பாப் போச்சு, லொக் ஆயிட்டுதுதானே." "பாஸ்வேர்டை மாத்திட்டன், இனி ஒருத்தரும் உள்ளுக்க இருக்கேலாது." மூன்றையும் நம்பி எழும்பிப் போக முடியாது. முதலாவது பிழை. இரண்டாவது கணினியின் அமைப்பைப் பொறுத்தது. மூன்றாவதுதான் மிகவும் ஏமாற்றுவது. அது ஏன் என்று கொஞ்சம் கீழே பார்ப்போம்.

லொகின் என்றால் ஒரு கதவு திறப்பது என்று மட்டும் நினைப்பதால் வருகிற குழப்பம் இது. கடவுச்சொல் சரிபார்க்கப்படுவது ஒரு நொடி வேலை. அதற்குப் பிறகு தொடங்கி, நீங்கள் முறையாக வெளியேறும் வரை கணினிக்குள் உயிரோடு இருக்கிற ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

## லொட்ஜில் தங்குவது மாதிரி

உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் ஒரு லொட்ஜில் தங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பு மேசையில் அடையாள அட்டையைக் காட்டுகிறீர்கள். அங்கே இருப்பவர் அதைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, சாவியைத் தருகிறார். அடையாள அட்டையின் வேலை அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டுக்குச் சொன்னாலும், உடுப்புத் தோய்க்கக் கொடுத்தாலும், யாரும் அடையாள அட்டையைக் கேட்பதில்லை. அறை எண்ணைத்தான் கேட்கிறார்கள். அறையைப் பூட்டிக்கொண்டு கடலில் குளிக்கப் போனாலும் அறை உங்களுடையதே. பை உள்ளே இருக்கிறது. மின்விசிறியை நிறுத்த மறந்திருந்தால் அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும். கணக்கு முடித்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வரை பதிவேட்டில் நீங்கள் தங்கியிருப்பவர்தான்.

கணினியை நடத்துகிற அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓஎஸ் எல்லாம் அந்த வகை. இங்கே பள்ளிக்கூடப் புத்தகங்களில் இதைப் பணிசெயல் முறைமை என்று படித்திருப்பீர்கள். லொட்ஜை நடத்துவது இந்த இயங்குதளம். அடையாள அட்டையைக் காட்டுவதுதான் லொகின். சாவி வாங்கியதிலிருந்து கணக்கு முடிக்கும் வரையான அந்தத் தங்கலுக்கு அமர்வு என்று பெயர், பேச்சில் செஷன். பூட்டிவிட்டுக் கடலுக்குப் போவது லொக். கணக்கு முடிப்பது லொக் அவுட். விண்டோஸ் அதை சைன் அவுட் என்கிறது.

அறைக்குள் விரித்திருந்த பேப்பரை மடித்து வைத்தால் நீங்கள் லொட்ஜை விட்டுப் போய்விட்டதாக யாரும் நினைக்க மாட்டார்கள். புரோகிராம் ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடுவதும் அவ்வளவுதான். அமர்வு அப்படியே இருக்கிறது, அடுத்து வந்து உட்காருகிறவர் உங்கள் பெயரிலேயே வேலை செய்வார்.

## வரவேற்பு மேசையில் நடப்பது

நீங்கள் அடிக்கிற கடவுச்சொல்லை இயங்குதளம் எங்கேயோ எழுதி வைத்திருந்து ஒப்பிட்டுப் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எழுதி வைப்பது ஆபத்து. அதற்குப் பதிலாகக் கடவுச்சொல்லை ஒரு கணித முறைக்குள் செலுத்தி, அதிலிருந்து வருகிற நீண்ட எண்ணைத்தான் சேமிக்கிறது. அந்த எண்ணுக்கு ஹாஷ் என்று பெயர். கடவுச்சொல்லிலிருந்து ஹாஷை எடுக்கலாம், ஹாஷைத் திருப்பிக் கடவுச்சொல் ஆக்கும் நேர்வழி இல்லை. ஒவ்வொரு முறையும் நீங்கள் அடித்ததை அதே முறைக்குள் செலுத்தி, சேமித்து வைத்த எண்ணோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறது. கடவுச்சொல்லை மறந்துவிட்டால் நேர்மையான முறைமை எதுவும் பழையதைத் திருப்பிச் சொல்லாமல், புதிதாக ஒன்றை வைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அதற்கே பழையது தெரியாது.

இந்தச் சரிபார்ப்பு எல்லாக் காலத்திலும் இவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. விண்டோஸ் 95, 98 காலத்தில் வீட்டுக் கணினியில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற பெட்டி வரும், எஸ்கேப் விசையைத் தட்டினால் பெட்டி போய் டெஸ்க்டொப் வந்துவிடும். அது காவலுக்கு வைத்த பெட்டி அல்ல, ஒவ்வொருவரின் விருப்பங்களையும் வலைப்பின்னல் பெயரையும் எடுத்து வருவதற்கான ஏற்பாடு. அதே நிறுவனத்தின் விண்டோஸ் என்டி 1993-இல் வெளிவந்தபோதே ஒவ்வொரு பயனரும் தனித்தனி ஆள் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டிருந்தது. இன்று நாம் பாவிக்கிற விண்டோஸ் எல்லாம் அந்த என்டி வழியில் வந்தவை. அந்த 98 பழக்கம்தான் "லொகின் எல்லாம் சும்மா ஒரு முறைக்கு" என்ற எண்ணத்தைப் பலர் மனதில் விட்டுப் போயிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

## அறை எண் எழுதிய சீட்டு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

கடவுச்சொல் பொருந்தியதும் இயங்குதளம் உங்களுக்கு ஒரு அடையாளச் சீட்டு தயாரிக்கிறது. அதில் உங்கள் பெயர் முக்கியமில்லை. ஒரு எண் இருக்கும், நீங்கள் எந்தெந்தக் குழுக்களில் சேர்ந்தவர் என்பதும் எதற்கெல்லாம் உங்களுக்கு அனுமதி என்பதும் இருக்கும். லினக்ஸில் இந்த எண் சின்னது. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் முதலில் உருவாக்கப்படும் சாதாரணப் பயனருக்கு 1000 என்று வரும். எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகிக் கணக்கின் எண் 0. விண்டோஸில் இந்த அடையாளம் பல பகுதிகள் கொண்ட நீண்ட எண்ணாக இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு புரோசெஸ். நீங்கள் தொடங்குகிற முதல் புரோசெஸுக்கு இந்தச் சீட்டின் பிரதி ஒன்று கொடுக்கப்படுகிறது. அது இன்னொரு புரோகிராமைத் திறந்தால் அதற்கும் ஒரு பிரதி. அது வேறொன்றைத் திறந்தால் அதற்கும். இப்படிச் சீட்டு வழிவழியாகக் கைமாறுகிறது. வேர்டில் ஒரு கோப்பைத் திறக்கும்போது இயங்குதளம் உங்களிடம் வந்து கடவுச்சொல் கேட்பதில்லை. வேர்டின் கையில் இருக்கிற சீட்டைப் பார்க்கிறது, அந்தக் கோப்பின் அனுமதிப் பட்டியலைப் பார்க்கிறது, பொருந்தினால் திறந்து கொடுக்கிறது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன. அலுவலகத்தில் கணினி பார்க்கிறவர்களுக்கே இவை சில வேளை குழப்பம் தருபவை.

முதலாவது, சீட்டு லொகின் நேரத்தில் எழுதப்பட்டது. நீங்கள் உள்ளே இருக்கும்போது நிர்வாகி உங்களை "கணக்குப் பிரிவு" என்ற குழுவில் சேர்த்தால், உங்கள் கையில் உள்ள சீட்டில் அது இல்லை. பொதுக் கோப்புறையைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்றே வரும். "சேர்த்துவிட்டேன் என்று சொன்னாரே" என்று கோபப்பட வேண்டாம். வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் புதுச் சீட்டு எழுதப்படும், கோப்புறை திறக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் இதே கதைதான்.

இரண்டாவது, மேலே சொன்ன பாஸ்வேர்ட் விஷயம். கடவுச்சொல்லை மாற்றுவது வரவேற்பு மேசையில் அடுத்த முறை கேட்கப்போகிற கேள்வியை மாற்றுகிறது. ஏற்கெனவே கொடுத்த சீட்டுகளை அது பறிப்பதில்லை. உங்கள் கணக்கில் வேறு யாராவது ஏற்கெனவே உள்ளே இருந்தால், கடவுச்சொல் மாறிய பிறகும் அந்த அமர்வு ஓடிக்கொண்டே இருக்கலாம். அவரை வெளியேற்ற வேண்டுமென்றால் அந்த அமர்வையே முடிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டையும் செய்யுங்கள்: கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், திறந்திருக்கும் அமர்வுகளையும் மூடுங்கள்.

மூன்றாவது, முறைமைக்கு ஆளைத் தெரியாது, எண்ணைத்தான் தெரியும். விண்டோஸில் ஒரு கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் இன்னொன்றை உருவாக்கினால், அது புது எண் கொண்ட புது ஆள். பழைய கோப்புகளுக்கு அவருக்கு உரிமை தானாக வராது. லினக்ஸில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். அழிக்கப்பட்ட பயனரின் எண் சில வேளை அடுத்து வருகிற புதியவருக்கே போய்விடும். முன்னவர் விட்டுச்சென்ற கோப்புகள் அப்போது புதியவரின் சொத்து மாதிரித் தெரியும். இடமாற்றம் அடிக்கடி நடக்கிற அலுவலகங்களில் கணக்கை உடனே அழிக்காமல் முடக்கி வைப்பது நல்லது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருக்கமாக, கடவுச்சொல் ஒரு முறை காட்டப்படுகிறது. அதற்குப் பிறகு எல்லா வேலையும் சீட்டை வைத்து நடக்கிறது. அந்தச் சீட்டு அமர்வு முடியும் வரை செல்லும்.

## உங்கள் அறையில் இருக்கும் சாமான்கள்

சீட்டு தயாரானதும் இயங்குதளம் உங்கள் சொந்த அமைப்புகளை எடுத்து விரிக்கிறது. பின்னணிப் படம், டெஸ்க்டொப்பில் உள்ள கோப்புகள், உலாவியின் புக்மார்க்குகள், எந்த விசைப்பலகை என்பது எல்லாம் அதில் அடங்கும். இந்தத் தொகுப்புக்குப் புரொஃபைல் என்று பெயர். விண்டோஸில் சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள்ளும், லினக்ஸில் ஹோம் என்ற இடத்திலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு இருக்கும்.

எங்கள் ஊரில் இதன் அருமை விசைப்பலகையில் தெரியும். ஒரே கணினியில் ஒருவர் தமிழில் கடிதம் அடிக்கிறார், அடுத்தவர் சிங்களத்தில் அடிக்கிறார், மூன்றாமவருக்கு ஆங்கிலம் மட்டும் போதும். தனித்தனிக் கணக்கு இருந்தால் அவரவர் விசைப்பலகை அவரவர் அமர்வில் இருக்கும், ஒருவர் மாற்றியது மற்றவரைத் தொடாது. எல்லோரும் ஒரே கணக்கில் இருந்தால் நாள் முழுக்க இது ஒரு தலையிடி.

இதோடு சேர்ந்த ஒரு சிக்கல் உண்டு. உள்நுழைவுத் திரையில் நிற்கும்போது நீங்கள் இன்னும் அறைக்குள் போகவில்லை. ஆகவே அங்கே உங்கள் விசைப்பலகை அமைப்பு செல்லாமல் வேறொன்று நின்றிருக்கலாம். கடவுச்சொல் பெட்டியில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால், நீங்கள் ஆங்கிலத்தில் அடிப்பதாக நினைப்பது தமிழிலோ சிங்களத்திலோ விழுந்துகொண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சரியான கடவுச்சொல்லையே திரும்பத் திரும்பப் பிழை என்று சொன்னால், முதலில் திரையின் கீழ் மூலையில் இருக்கும் மொழிக் குறியைப் பாருங்கள். அப்புறம் கேப்ஸ் லொக்.

## ஒரு கணினிக்குள் ஒரே நேரத்தில் பலர்

ஒரு கணினியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும் என்று நினைப்பது இயல்பு, உட்கார ஒரு கதிரைதானே இருக்கிறது. ஆனால் அமர்வு என்ற எண்ணமே பலர் ஒன்றாக இருப்பதற்காகத்தான் பிறந்தது.

1961-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவரது குழுவினரும் சிடிஎஸ்எஸ் என்ற முறைமையைச் செய்து காட்டினார்கள். ஒரே பெரிய கணினியைப் பலர் அதோடு இணைத்த தனித்தனி முனையங்களில், அதாவது விசைப்பலகை கொண்ட கருவிகளில் இருந்து ஒரே நேரத்தில் பாவிக்கலாம். கணினி ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் பங்கிட்டுக் கொடுக்கும், மாறி மாறி மிக வேகமாகச் செய்வதால் ஒவ்வொருவருக்கும் அது தன்னுடையது மாதிரித் தோன்றும். பலர் இருப்பதால் யார் யார் என்று பிரித்தறிய வேண்டி வந்தது, ஒவ்வொருவர் கோப்பையும் மற்றவர் பார்க்காமல் காக்க வேண்டி வந்தது. கணினியில் கடவுச்சொல் கேட்கிற வழக்கத்தை அந்த முறைமையோடு சேர்த்துத்தான் பேசுவார்கள்.

அதே சிடிஎஸ்எஸ்ஸில் 1966-இல் நடந்த ஒரு சம்பவம் அமர்வுகளை ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பதை வேறெதையும் விட நன்றாக விளக்குகிறது. அங்கே எழுத்துகளைத் திருத்தும் புரோகிராம் ஒன்று இருந்தது. அது வேலை செய்யும்போது ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கும், அந்தக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர். ஒரு கோப்பகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நினைத்து அப்படி எழுதியிருந்தார்கள். ஒரு நாள் முறைமையைப் பராமரிக்கிற இருவர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொட்டுக்கொண்டிருந்தது லொகின் செய்பவர்களுக்குக் காட்டப்படும் அன்றைய அறிவித்தல். மற்றவர் தொட்டது கடவுச்சொற்கள் இருந்த கோப்பு. இரண்டு தற்காலிகக் கோப்புகளும் மாறிப்போயின. அதன் பிறகு உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. யாரும் எந்தத் திருட்டும் செய்யவில்லை. இருவரின் வேலை ஒரே இடத்தில் கலந்துபோனதால் வந்த வினை அது. கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதி வைக்கக்கூடாது என்பதற்கும் இந்தச் சம்பவத்தை இன்னமும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இன்றைய இயங்குதளங்கள் ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு எண் கொடுத்து, எந்தப் புரோசெஸ் எந்த அமர்வைச் சேர்ந்தது என்று கணக்கு வைக்கின்றன. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி வீட்டுக் கணினிகளுக்கு "பயனரை மாற்று" என்ற வசதியைக் கொண்டுவந்தது. அக்கா தன் வேலையைத் திறந்து வைத்தபடியே தம்பிக்கு இடம் விடலாம். தம்பி விளையாடும்போது அக்காவின் அமர்வு மறைவில் உயிரோடு இருக்கும், அவளுடைய புரோகிராம்கள் நினைவகத்தில் இடம்பிடித்திருக்கும். "நான் ஒன்றுமே திறக்கவில்லை, கணினி ஏன் மெதுவாக இருக்கிறது" என்று வீட்டில் கேள்வி எழுந்தால், இப்படி மறைந்திருக்கும் அமர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

மனிதர் யாரும் லொகின் செய்யாத அமர்வும் ஒன்று உண்டு. அச்சுப்பொறி வரிசை, வைரஸ் காவல், வலைப்பின்னல் போன்ற பின்னணிச் சேவைகள் யாரும் உள்ளே வருவதற்கு முன்பே ஓடத் தொடங்குகின்றன. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோஸ் இவற்றை 0 என்ற எண்ணுள்ள அமர்வில் தனியாக வைத்து, மனிதர்களின் அமர்வுகளை 1-இலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்பு முதலில் வருகிற மனிதரும் சேவைகளும் ஒரே அமர்வில் இருந்தார்கள், அது பாதுகாப்புக்கு நல்லதாக இருக்கவில்லை.

## பூட்டுவது, வெளியேறுவது, உறங்க வைப்பது, நிறுத்துவது

பேச்சில் இந்த நான்கும் கலந்துபோய்விடுகின்றன. அமர்வுக்கு என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பாருங்கள், குழப்பம் தீரும்.

பூட்டினால் அமர்வுக்கு ஒன்றும் ஆவதில்லை. திரைக்கு முன்னால் ஒரு மறைப்பு வருகிறது, கடவுச்சொல் கேட்கப்படுகிறது. பின்னால் பாட்டுப் பாடுகிறது, டவுன்லோட் போகிறது. மேசையை விட்டு ஐந்து நிமிடம் எழும்பினாலும் விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்துத் தட்டுவது நல்ல பழக்கம். திரை தானாகக் கறுப்பாவது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. அதோடு பூட்டும் விழுமா என்பது உங்கள் கணினியில் எப்படி அமைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வெளியேறினால் அமர்வு முடிகிறது. இயங்குதளம் அந்த அமர்வின் புரோகிராம்களுக்கு மூடிக்கொள்ளச் சொல்கிறது, மூடாதவற்றை நிறுத்துகிறது, உங்கள் அமைப்புகளைச் சேமிக்கிறது, சீட்டுகளைச் செல்லாததாக்குகிறது. கணினி ஓடிக்கொண்டே அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும்.

உறங்க வைத்தால் அமர்வு ரேம் நினைவகத்தில் அப்படியே உறைந்து நிற்கும். ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஹைபர்னேட் என்பது ரேமில் உள்ளதை ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுவதுமாக நிற்பது. மின்சாரமே இல்லாவிட்டாலும் அமர்வு பிறகு எழும்பும்.

நிறுத்துவதில்தான், அதாவது ஷட்டவுனில், பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்டப் என்ற ஏற்பாடு வந்தது. அது இயக்கத்தில் இருக்கும்போது ஷட்டவுன் கொடுத்தால், உங்கள் அமர்வு உண்மையாகவே மூடப்படுகிறது. ஆனால் இயங்குதளத்தின் உள்மையமான கேர்னல் முழுதாக மூடப்படாமல் டிஸ்க்கில் எழுதி வைக்கப்படுகிறது. அடுத்த முறை சீக்கிரம் தொடங்க அது உதவும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் கேர்னலும் புதிதாகத் தொடங்குகிறது. கணினி திருத்துகிறவர் "ஓஃப் பண்ணி ஓன் பண்ணினது போதாது, ரீஸ்டார்ட் பண்ணுங்கோ" என்று சொன்னால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இனி மின்வெட்டு. 2022-இன் நீண்ட மின்வெட்டுகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் மின்சாரம் போனால் அமர்வு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சாகிறது. வெளியேறும்போது நடக்க வேண்டிய எதுவும் நடப்பதில்லை, சேமிக்காத வேலை ரேமோடு போய்விடும். லினக்ஸில் யார் எப்போது வந்தார், போனார் என்ற பதிவேட்டைப் பார்த்தால், இப்படி முடிந்த அமர்வுகளுக்கு எதிரே வெளியேறிய நேரம் இருக்காது. முறிந்தது என்ற பொருளில் கிராஷ் என்று எழுதியிருக்கும். உறங்க வைத்த மேசைக் கணினிக்கும் இதே கதிதான். ஆகவே மின்சாரத்தை நம்ப முடியாத நாட்களில் உறங்க வைப்பதை விட ஹைபர்னேட் பாதுகாப்பானது.

## வெளியேறிய பிறகும் ஓடுபவை

லினக்ஸுக்கு முன்மாதிரியான யுனிக்ஸ் முறைமைகளில் முன்பெல்லாம் தொலைபேசி வழியாக முனையத்தை இணைப்பார்கள். இணைப்பு அறுந்தால் அந்த அமர்வின் புரோகிராம்களுக்கு "தொடர்பு போய்விட்டது" என்று ஒரு சமிக்ஞை அனுப்பப்படும். கேட்டதும் பெரும்பாலானவை நின்றுவிடும். இரவு முழுக்க ஓட வேண்டிய கணிப்பு வேலை உள்ளவர்கள் அந்தச் சமிக்ஞையைப் பொருட்படுத்தாதபடி புரோகிராமைத் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். லினக்ஸில் இந்த வழக்கம் இன்றும் உண்டு. 2016-இல், பல லினக்ஸ்களில் சேவைகளையும் அமர்வுகளையும் கவனிக்கிற சிஸ்டம்டி என்ற மென்பொருள் வெளியேறும் பயனரின் எல்லாப் புரோசெஸ்களையும் நிறுத்துவதை இயல்பு நிலையாக்கியபோது பெரிய வாக்குவாதமே நடந்தது. பல லினக்ஸ் வெளியீடுகள் பழைய வழக்கத்துக்கே திரும்பின. தொடக்கநிலையில் இருப்பவர்கள் இவ்வளவு தெரிந்தால் போதும்: வெளியேறினால் எல்லாம் நிற்கும் என்பது பொது விதி, விதிவிலக்கை யாராவது வேண்டுமென்றே செய்திருக்கலாம்.

## இணையத்தளத்தின் லொகின் வேறு

கொமினிகேஷன் கடைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஜிமெயிலிலோ பேஸ்புக்கிலோ நீங்கள் செய்கிற லொகினுக்கும் கணினியின் அமர்வுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்தத் தளம் தன்னுடைய சீட்டு ஒன்றை உங்கள் உலாவியிடம் கொடுக்கிறது. அதற்குக் குக்கி என்று பெயர். உலாவி அதைக் கோப்பாகச் சேமித்து வைக்கும். ஜன்னலை மூடினாலும் அது இருக்கும், கணினியை நிறுத்தினாலும் இருக்கும். நாளை யாரோ ஒருவர் கணினியின் அதே விண்டோஸ் கணக்கில் அதே உலாவியைத் திறந்தால் உங்கள் அஞ்சல்பெட்டி நேராக வந்து நிற்கலாம்.

கடைகளில் வருகிற எல்லோரும் பொதுவாக ஒரே விண்டோஸ் கணக்கில்தான் உட்காருகிறார்கள். இயங்குதளத்தைப் பொறுத்தவரை காலையில் வந்த பிள்ளையும் மத்தியானம் வந்த அம்மாவும் ஒரே ஆள். ஒருவரை ஒருவரிடமிருந்து காக்க அதற்கு எந்த வழியும் இல்லை, காக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவும் தெரியாது. எனவே உலாவியின் பிரைவேட் ஜன்னலில் (மூடினால் குக்கிகளை வைத்துக்கொள்ளாதது) திறவுங்கள், வேலை முடிந்ததும் தளத்தின் உள்ளேயே லொக் அவுட் கொடுங்கள், டவுன்லோட் செய்த சான்றிதழையும் அடையாள அட்டைப் பிரதியையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழும்புங்கள். மறந்து வந்துவிட்டால் வீட்டிலிருந்தே தளத்தின் பாதுகாப்பு அமைப்பில் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதைத் தேடுங்கள். அது கொடுத்த சீட்டுகளைத் தளத்தின் பக்கமே செல்லாததாக்கும்.

அலுவலகங்களுக்கும் இதே நியாயம். மூன்று பேர் ஒரே கணக்கைப் பாவித்தால், ஒரு கோப்பை யார் மாற்றினார் என்று பிறகு கேட்டால் பதிவேடு அந்த ஒரே பெயரைத்தான் காட்டும். செய்யாதவர் மேல் பழி விழ இது போதும். மூன்று கணக்கு உண்டாக்குவதற்குச் செலவே இல்லை, கால் மணி நேர வேலை. அதைக்கூடச் செய்யாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

## பூட்டு காக்காதது

இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அது சீட்டுகளைப் பார்த்து அனுமதி கொடுக்கும், மறுக்கும். லப்டொப்பைத் திருடி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் அங்கே உங்கள் இயங்குதளம் இல்லை, கேட்க ஆளில்லை. கோப்புகள் அப்படியே வாசிக்கப்படும். அதைத் தடுப்பது டிஸ்க்கையே மறையாக்கம் செய்வது, அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாத வடிவில் எழுதுவது. விண்டோஸில் பிட்லொக்கர் அந்த வேலையைச் செய்கிறது.

## உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் யூசர்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் இந்த நேரத்தில் அமர்வு வைத்திருக்கும் எல்லோருடைய பெயரும், ஒவ்வொருவரும் எவ்வளவு நினைவகம் எடுக்கிறார் என்பதும் தெரியும். மறைவில் இருப்பவருக்கு எதிரே இணைப்பு விடுபட்டது என்ற பொருளில் டிஸ்கனெக்டட் என்று இருக்கும். லினக்ஸில் கட்டளை அடிக்கிற ஜன்னலான முனையத்தைத் திறந்து ஹூ என்ற சின்னக் கட்டளையை அடித்தால் போதும், பெயரும் வந்த நேரமும் வரிசையாக வரும்.

நிர்வாகி அனுமதி இருந்தால் அந்தப் பட்டியலிலிருந்தே ஒருவரை வெளியேற்றலாம். அவர் சேமிக்காமல் விட்ட வேலை அதோடு போய்விடும், ஆகவே முதலில் அவருக்கு ஒரு போன் எடுத்துக் கேளுங்கள்.